திரையை அணைத்துவிட்டுச் சோதித்த மென்பொருள்

நான் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள்: "அக்கா, பாட்டு கம்போஸ் பண்ண எந்த சாப்ட்வேர் வாங்கலாம்?" உங்கள் கம்ப்யூட்டரில் மெமரி எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்பேன். அதோடு பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேரிடம், இலவசமாகப் போட்டுப் பார்க்கத் தருகிற நாட்களை முழுசாகப் பயன்படுத்துங்கள், ஒன்றைச் சோதித்து முடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள் என்பேன். அதில் இன்னும் பாதிப் பேர் போவார்கள். போன மாதம் பினாங்கில் இருக்கிற பாயான் பாருவிலிருந்து ஒரு பெண் மட்டும் விடவில்லை. "நீங்க எதை வச்சுக்கா முடிவு பண்ணீங்க? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். அது போனில் சொல்லி முடிகிற நீளம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் இசைக்காரி இல்லை. வெள்ளிக்கிழமை பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பேன். சாமிக்கு ஆட்சேபணை இல்லாத அளவுக்கு வாசிப்பேன். சோதிப்பதுதான் என் தொழில். பள்ளிக்கூடம் முடித்ததும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்து பதினோரு வருடம் டெஸ்டிங் லைனில் உட்கார்ந்தேன். அங்கே கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை. முதல் தடவையே பாஸ் ஆகிற பொருளை நம்பாதே. பிறகு அந்த லைனை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். என்னைக் கூட்டிப் போகவில்லை.

அப்போதுதான் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய கடைவீட்டின் மாடி. கீழே பெட்டிக்கடை, அதாவது பயணப் பெட்டி விற்கிற கடை. முதலாளி யூசுப் பாய். மெட்டுப் போடுவது, வாத்தியம் சேர்ப்பது, கலந்து முடிப்பது எல்லாம் அவரே. நேர்காணல் ஒரு நிமிடம் நடந்தது.

"மியூசிக் தெரியுமா?"

"ஆர்மோனியம் வாசிப்பேன்."

"அது பரவால்ல. கம்ப்யூட்டர் நடுவுல நின்னுட்டா அழுவியா?"

"மாட்டேன்."

"நாளைக்கு வந்துடும்மா."

அங்கே இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். ரேடியோ விளம்பரம், பள்ளிக்கூடப் பாட்டு, நாடகத்துக்குப் பின்னணி, நோன்புப் பெருநாளுக்கு மலாய்ப் பாட்டு, தீபாவளிக்குத் தமிழ்ப் பாட்டு, சீனப் புத்தாண்டுக்கு ஒரு சூப்பர்மார்க்கெட் விளம்பரம். ஒரே மெட்டு உடை மாற்றிக்கொண்டு மூன்று பண்டிகைக்கும் போய் வந்த வருடமும் உண்டு. யாரும் புகார் சொல்லவில்லை.

எங்கள் வாத்தியங்கள் பெரும்பாலும் கணினிக்குள் இருந்தவை. ஒருவர் எங்கேயோ வீணையை ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்துப் பதிந்து வைத்திருப்பார். நாம் இங்கே இசைக் கீபோர்டில் விசையை அழுத்தினால் அந்த ஸ்வரம் வரும். பாய் இதற்கு மாறியது ஆசையால் அல்ல. எங்கள் மாடியில் மைக்கைத் திறந்தால் பினாங்கு முழுக்க உள்ளே வந்துவிடும். ஃபெர்ரியின் சங்கு, பள்ளிவாசல் பாங்கு, கோவில் மணி, கீழே பெட்டிக்குச் சக்கரம் நன்றாக ஓடுகிறதா என்று தரையில் உருட்டிப் பார்க்கும் வாடிக்கையாளர்.

பாய் குரலை உயர்த்த மாட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பார். முடிந்ததும் ஒரே வார்த்தை: "மறுபடி." போதும் என்று தோன்றினால் எதுவும் சொல்லாமல் கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார். பொட்டலச் சத்தம் கேட்டால் வேலை பாஸ்.

புது மென்பொருள் எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் விசையைத் தட்டுவார். அதே கணத்தில் மற்றக் கை விரலால் மேசையைத் தட்டுவார். இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்க வேண்டும். இரண்டாகக் கேட்டால் அந்த மென்பொருளோ, அதற்கும் கீபோர்டுக்கும் நடுவில் இருக்கிற ஏதோ ஒன்றோ தூங்குகிறது. அடுத்து வீணையில் ரி-யிலிருந்து க-வுக்கு வழுக்கிப் போவார். பூனை கத்துகிற மாதிரி இருந்தால் அதோடு சரி. கடைசிச் சோதனையை முதன்முதலில் பார்த்த நாள் மறக்காது. ஒரு விற்பனையாளர் எங்கள் கணினியிலேயே தன் மென்பொருளைப் போட்டு, ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டி, இருநூறு வயலின்களை அடுக்கி முடித்திருந்தார். பாய் மேசைக்கடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

விற்பனையாளர் எழுந்துவிட்டார். "பாய்! நான் சேவ் பண்ணலியே!"

"நானும் பண்றதில்ல தம்பி. அதான் பாக்குறேன்."

திரும்ப மாட்டித் திறந்தபோது நூற்றுத் தொண்ணூறு வயலின் இருந்தது. அதை வாங்கினோம். பன்னிரண்டு வருடம் அதில்தான் வேலை செய்தோம். திரையைப் பார்க்க அழகாக இருக்கும்.

கஷ்டமான விஷயம் அதற்குப் பிறகு வந்தது.

சாரதா டீச்சர் நடனப் பள்ளி நடத்துகிறவர். ஒன்றரை மணி நேர நாட்டிய நாடகத்துக்கு எங்களிடம் இசை கேட்டார். துறைமுகத்துக்கு வேலைக்குப் போன புருஷனைத் தேடிக் கப்பலேறி வருகிற ஒரு பெண்ணின் கதை. அவள் படித்துறையில் காத்திருக்கிற இடத்தில் ஆறு நிமிடம் வீணை மட்டும். பாய் அந்த ஆறு நிமிடத்தை மூன்று நாள் மத்தியானம் உட்கார்ந்து வாசித்தார். மூன்றாம் நாள் கடைசியில் பொட்டலத்தைப் பிரித்தார்.

அந்தச் சில மாதங்களாக அவரிடம் சில மாற்றங்கள் இருந்தன. மவுஸைத் தொடுவதில்லை. எல்லாவற்றுக்கும் கணினிக் கீபோர்டின் குறுக்குவழிதான். மேசையில் ஒரு பென்சிலை நான் நகர்த்தினாலும் கோபம். வாத்தியத்துக்கு ஒன்றாகப் பிரித்த டிராக்குகளில், ஏழாவதில் பதிய வேண்டியதை எட்டாவதில் பதிந்தார், இரண்டு தடவை. நான் அதை எழுதி வைத்தேன். காரணம் தேடவில்லை. வயதாகிறது என்று நினைத்தேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம்.

நான்காம் நாள் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. காலையில் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். மாடிப்படியில் ஏறும்போதே பாய் போனில் டீச்சரிடம் பேசுவது கேட்டது.

"வீணை டிராக் போயிடுச்சு டீச்சர். இல்ல, திரும்ப எடுக்க முடியாது. மல்லிகா தெரியாம அழிச்சுட்டா."

நான் வாசலில் நின்றேன். என் வாயில் பஞ்சு இருந்தது. மறுத்துப் பேச வழியில்லை.

அன்று வீட்டுக்குப் போய் ஐஸ் வைத்துக்கொண்டு யோசித்தேன். வெள்ளிக்கிழமைதான் நாங்கள் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுப்போம். அன்று வியாழன். கோப்பைக் கடைசியாகச் சேமித்த நேரம் கணினியிலேயே இருக்கும். அது அன்று காலையாகத்தான் இருக்கும்; அப்போது நான் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்தேன். அதற்கு ரசீது உண்டு. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எழுதி வைத்ததைக் காட்டாமல் போவது எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் நேரே அவர் மேசைக்குப் போய் என் குறிப்பு நோட்டை விரித்து வைத்தேன். "படிங்க பாய்."

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பக்கத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் இருக்கும். "சரியாத்தான் எழுதியிருக்க" என்றார்.

நான் நோட்டைத் திரும்ப எடுத்தபோதுதான் கவனித்தேன். கோபத்தில் தவறான நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே நீல அட்டை. அவர் ஒரு நிமிடம் படித்தது ஏர்கான் சர்வீஸ் செய்த விவரம்.

"பாய், இதுல என்ன எழுதியிருக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வைத்த இடத்தை விரலால் தடவி உறுதி செய்துகொண்டார்.

"குளுக்கோமா. இடது கண்ணு முழுக்கப் போச்சு. வலது கண்ணுல ஸ்ட்ரா வழியாப் பாக்குற மாதிரி தெரியும். அதுவும் ரொம்ப நாளைக்கு இல்லன்னுட்டாரு டாக்டரு."

"யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்குத் தெரியும். இப்ப உனக்கு."

"வீட்டுல?"

"சொல்லல. ஆனா கொஞ்ச நாளா எம் பொண்டாட்டி கறிக் கிண்ணத்தத் தட்டுக்கு வலது பக்கம், ஒரே எடத்துலதான் வைக்கிறா. அப்ப அவளுக்கும் தெரியும்னு வச்சுக்க."

நான் உட்கார்ந்தேன். என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது.

"டீச்சர் வேலைய பட்டர்வொர்த்துல இருக்குற இன்னொரு ஸ்டூடியோவுக்குக் குடுத்துடலாம்" என்றார். "இல்லன்னா நீ முடி."

"நான் டெஸ்ட் பண்றவ பாய். மெட்டுப் போடுறவ இல்ல."

"அப்ப என்ன பண்றது?"

"டெஸ்ட் பண்றது."

என் சோதனை முறையைச் சொல்கிறேன். மானிட்டர் வயரைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மேசையில் இருந்தால் கை தானாகப் போய் மாட்டிவிடும். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் போட்டேன், இங்கிலீஷ்காரப் பெண்குரல். பிறகு ஒரு வேலைப்பட்டியல்: புதுப் பாட்டைத் திற, ஒரு டிராக் சேர், வீணையைக் கொண்டுவா, எட்டுத் தாளவட்டம் பதி, தப்பான ஒரு ஸ்வரத்தை மட்டும் தேடித் திருத்து, சத்தத்தைக் குறை, சேமி. கண்ணால் பார்த்துச் செய்தால் எனக்கு நாலு நிமிடம்.

பன்னிரண்டு வருடம் நாங்கள் வைத்திருந்த அழகான மென்பொருளில் முதலில் உட்கார்ந்தேன். என்ன அழுத்தினாலும் அந்தக் குரல் "விண்டோ" என்றது. வேறு எதுவும் சொல்லவில்லை. நாற்பது நிமிடத்தில் விட்டுவிட்டேன். அடுத்தது கொஞ்சம் பேசியது. மெனுவெல்லாம் படித்தது. மூன்றாவது வேலையில் திடீரென்று மௌனம். ஒரு பெட்டி திறந்து, சரியா இல்லையா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது என்பது மானிட்டரை மாட்டிய பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது மென்பொருளைப் பாய் முன்பொரு தடவை பார்த்த உடனே நிராகரித்திருந்தார். "இமிகிரேஷன் ஃபாரம் மாதிரி இருக்கு" என்றார். சாம்பல் நிறம், பொடி எழுத்து. ஆனால் அதற்கென்று பார்வையில்லாத இசைக்காரர்கள் சிலர் தாங்களே ஒரு துணை மென்பொருள் எழுதி இணையத்தில் சும்மா கொடுக்கிறார்கள். அதைச் சேர்த்ததும் எல்லாவற்றையும் சொன்னது. எத்தனையாவது டிராக், அதன் பெயர், சத்தம் எவ்வளவு, எந்தத் தாளவட்டத்தில் நிற்கிறோம். இருபத்திரண்டு நிமிடத்தில் பட்டியலை முடித்தேன். பாஸ். நம்பவில்லை. இன்னும் இரண்டு தடவை செய்தேன்.

மென்பொருள் பேசியது, வாத்தியம் பேசவில்லை. நாங்கள் வாங்கியிருந்த வீணையைத் திறந்தால் திரையில் ஒரு வீணைப் படம் வரும். மரத்துக்கு மெருகு, ஒவ்வொரு திருகுக்கும் நிழல். படித்துச் சொல்லும் குரலுக்கு அது வெறும் படம். அதற்குப் பின்னால் ஒரு பட்டியல் ஒளிந்திருந்தது: ஒன்று, இரண்டு, மூன்று என்று நூற்றுச் சொச்சம் எண்கள், பெயரில்லாமல். ஒவ்வொன்றாகத் திருகிக் கேட்டேன். ஒரு நேரத்தில் ஒன்று. இது கம்பியின் இறுக்கம், இது மீட்டுகிற விரலின் நகம், இது குடத்தின் அதிர்வு. பயன்படுகிறவை முப்பத்தொன்று. சில எதையுமே செய்யவில்லை. அவை ஏன் இருக்கின்றன என்று இன்றுவரை தெரியாது. முப்பத்தொன்றுக்கும் பெயர் வைத்தேன். அந்தக் குரலுக்குத் தமிழெழுத்துப் படிக்க வராது என்பதால் தமிழ்ப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். அடிக்கடி தேவைப்படுகிற எட்டை மட்டும் இசைக் கீபோர்டின் மேலிருந்த திருகுகளோடு இணைத்து, ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் புள்ளி வைத்தேன். காய்ந்தால் விரலுக்குத் தட்டுப்படும்.

பாயை உட்கார வைத்தேன். இடது காதில் மட்டும் இயர்போன், அதில் குரல். வலது காது ஸ்பீக்கருக்கு.

"கேம்பி" என்றது குரல்.

"யாரு அது கேம்பி?"

"கம்பி, பாய்."

"இந்தம்மாவ மெதுவாப் பேசச் சொல்லு. பாசாருக்குக் காய் வாங்கக் கிளம்புன மாதிரி ஓடுது."

முதல் வாரம் மோசமாக இருந்தது. நான்கு தாளவட்டத்துக்கு ஒரு மத்தியானம் போயிற்று. ஒரு நாள் இயர்போனைக் கழற்றி எறிந்தார். அவர் எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை.

"சூசா லா, ரொம்பக் கஷ்டம்! முப்பது வருஷம் பண்ண வேலைய இப்ப ஒரு வெள்ளைக்காரி சொல்லிச் சொல்லிப் பண்ணணுமா? வேணாம். விட்டுடு."

நான் இயர்போனைத் தேடி எடுத்துத் துடைத்து அவர் கையில் வைத்தேன்.

"மறுபடி" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அதன் வயர் சிக்கலை விரலால் பிரித்தார். பிறகு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் குரலின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். ஐந்தாவது வாரம் அது பேசுவது எனக்குக் கொசு சத்தம் மாதிரிதான் கேட்டது. அவர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு வேலை செய்தார். பழைய மென்பொருளில் முடித்திருந்த நாற்பது நிமிட இசையை ஒவ்வொரு டிராக்காக நான் புதியதற்கு மாற்றினேன். அழிந்துபோன ஆறு நிமிட வீணையை அவர் புதிதாக வாசித்தார். முந்தியதைப் போல வரவில்லை. முந்தியது எப்படி இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குமே சரியாக நினைவில்லை. இது வேறொன்று. இடைவெளி அதிகம். ஒரு ஸ்வரம் முழுசாக அடங்கின பிறகுதான் அடுத்தது வரும்.

டீச்சர் கேட்க வருவதாகச் சொன்னார். தன் கண் விஷயம் அவருக்குத் தெரியக்கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தெரிஞ்சா பரிதாபப்பட்டு நல்லாருக்குன்னுடுவாங்க. அப்புறம் நல்லாருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" அதில் நியாயம் இருந்தது. மானிட்டரை மாட்டி ஒளிர வைத்தேன்.

டீச்சர் வந்து முழுக்கக் கேட்டார். வீணை முடிந்ததும் சொன்னார், "இந்தக் கடைசி எடத்துல அவ திரும்பி நடக்கணும் பாய். கால் எடுத்து வைக்க ரெண்டு அடி எடம் வேணும்."

பாய் விசைகளைத் தட்டினார். மவுஸைத் தொடவில்லை. அரை நிமிடம் கூட ஆகவில்லை. திரும்ப வாசிக்கவிட்டார். இரண்டு அடி இடம் இருந்தது.

டீச்சர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாய், ஸ்கிரீன்ல ஏதோ அப்டேட் பண்ணவான்னு கேக்குது. நான் வந்ததுலேருந்து கேக்குது."

"கேக்கட்டும்."

"உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியும் பாய்."

நான் மேசைக்கடியில் ஏதோ வயரைப் பார்க்கிற மாதிரி குனிந்தேன்.

"எப்பத் தெரியும்?" என்றார் பாய்.

"ரெண்டு மாசம் முன்னாடி தலமுடிய ஒட்ட வெட்டுனேன். பினாங்கே அதப் பத்திப் பேசிச்சு. நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லல. அது கெடக்கட்டும். மியூசிக் தேதிக்கு வந்துடும்ல?"

"வந்துடும்."

"அப்ப சரி." டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"டீச்சர், இருங்க." பாய் நாற்காலியைத் திருப்பினார். டீச்சர் நின்ற இடத்துக்கு ஒரு அடி தள்ளிப் பார்த்தது அவர் முகம். "அன்னிக்கு வீணைய அழிச்சது மல்லிகா இல்ல. நான்தான். எந்த டிராக்குல நிக்கிறேன்னு தெரியாம அழிச்சு, சேவும் பண்ணிட்டேன். அவ மேல பழியப் போட்டேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வயரைப் பார்த்தேன்.

அவர் போன பிறகு பாய் என்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்கவில்லை. கச்சான் பொட்டலத்தைப் பிரித்து முதலில் என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் வலது கண்ணும் முழுக்கப் போயிற்று. அதற்குப் பிறகும் நாங்கள் அந்தச் சாம்பல் நிற மென்பொருளில் ஆறு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அவர் இன்னும் செய்கிறார். எனக்குத்தான் மாடிப்படி ஏற முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. பாயான் பாருப் பெண்ணுக்கு அந்த மென்பொருளின் பெயரைச் சொன்னேன். ஆனால் அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அவளுக்கு வேறொன்று பொருந்தலாம். அவள் எப்படி வேலை செய்கிறாளோ அதைப் பட்டியல் போட்டுக்கொண்டு சோதிக்கட்டும்.

நாடகம் நடந்த சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். மண்டபத்தில் பாய்க்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். படித்துறைக் காட்சி வந்தது. விளக்கெல்லாம் அணைந்து, மேடையில் அந்தப் பெண்மேல் மட்டும் சின்ன வெளிச்சம். வீணை ஆரம்பித்தது. கூட்டத்தில் இருமல் கூட இல்லை.

பாய் என் பக்கம் சாய்ந்து, "எத்தன பேரு அழுவுறாங்க?" என்றார்.

"தெரியல பாய். ஒரே இருட்டு. எனக்கும் ஒண்ணும் தெரியல."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் குலுங்கியது.

முடிந்து விளக்கு எரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னேன், "மூணு பேரு."

"யாரு யாரு?"

"முன் வரிசையில ரெண்டு அம்மா."

"மூணாவது?"

"சரியாத் தெரியல பாய். தூண் மறைக்குது."

அந்த மண்டபத்தில் தூண் கிடையாது. கண் தெரிந்த காலத்தில் பத்து வருடம் அங்கே ஒலியமைப்புச் செய்தவர் பாய். அது அவருக்கும் தெரியும்.